யாப்பு தெரியாமல் கவிதை எழுதத் தொடங்கலாமா?

கேள்வி: மாலை வேளைகளில் வீட்டிலிருந்தபடியே, மனமகிழ்ச்சிக்காக மட்டும் கவிதை எழுதிப் பழக விரும்புகிறேன். ஆனால் எழுதியதைப் படித்துப் பார்த்தால், உரைநடையை உடைத்து அடுக்கியது போலவே இருக்கிறது. முதலில் யாப்பிலக்கணத்தை முழுமையாகக் கற்க வேண்டுமா?

பதில்: முழுமையாகக் கற்ற பின்பே எழுதுவது என்று காத்திருந்தால் தொடங்காமலே போய்விடக்கூடும். மேலும், நீங்கள் சொல்லும் குறை யாப்பறியாமையால் மட்டும் வருவதன்று. புதிதாக எழுதுவோர் பெரும்பாலும் காதல், காலம், வாழ்க்கை போன்ற பெரும்பொருள்களை எடுத்துக்கொண்டு அவற்றைப் பற்றிய கருத்துகளைச் சொல்லிச் செல்கிறார்கள். கருத்துரைக்க உரைநடையே போதும் என்பதால், வரிகளை எத்தனை துண்டாக்கினாலும் அது உரைநடையாகவே நின்றுவிடுகிறது. ஆகவே முதல் சில வாரங்களுக்குக் கண்டதையும் கேட்டதையும் மட்டும், நாளுக்கு ஒன்றாக, ஒரு குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். தனிமை, துயரம், ஏக்கம் என உணர்ச்சிகளின் பெயர்களை அதில் எழுதுவதில்லை என்று ஒரு கட்டுப்பாடும் வைத்துக்கொள்ளுங்கள்.

அதன் பிறகு, திருக்குறளின் ஈரடி வடிவமாகிய குறள் வெண்பாவை முயலுமாறு பரிந்துரைப்பேன். கடினமானது என்று பலர் அஞ்சும் வடிவம் இது. என் கருத்தில், வீட்டில் தனியாகப் பழகுவோருக்கு இதைவிடச் சுவையான சொல்விளையாட்டு வேறில்லை. முதலடியில் நான்கு சீர் (அடியில் சொல் போலப் பிரிந்து நிற்கும் அலகு), இரண்டாம் அடியில் மூன்று, ஆக 7 சீர்கள். சீர்கள் அசை என்னும் ஒலித்துண்டுகளால் ஆனவை. குறிலோ நெடிலோ தனித்தும் ஒற்று (மெய்யெழுத்து) சேர்ந்தும் வந்தால் நேரசை. இரு குறில்களோ, குறிலும் அடுத்து நெடிலுமோ இணைந்து, தனித்தும் ஒற்றுச் சேர்ந்தும் வந்தால் நிரையசை. ஈரசைச் சீர் நேரில் முடிந்தால் அடுத்த சீர் நிரையில் தொடங்க வேண்டும்; நிரையில் முடிந்தால் நேரில் தொடங்க வேண்டும். நேரில் முடியும் மூவசைச் சீராகிய காய்ச்சீருக்குப் பின் நேர் வர வேண்டும். கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்னும் நான்கு வாய்பாடுகளுள் (அசையமைப்பைக் காட்டும் மாதிரிச் சொற்களுள்) ஒன்றாக அமையும். தொடங்குவதற்கு இவ்வளவு போதும். விளக்கத்துக்காக ஒன்று எழுதிக் காட்டுகிறேன்:

காற்றில் அசையும் கதவொலி கேட்டெழுந்தேன்
வேற்றொருவர் யாருமில்லை இங்கு

'காற்றில்' என்பது நேர்நேர், இவ்வமைப்பின் வாய்பாடு தேமா; ஆகவே அடுத்து நிரையில் தொடங்கும் 'அசையும்' வந்தது. 'கதவொலி' நிரைநிரை, அதனால் அடுத்த சீர் 'கேட்' என்று நேரில் தொடங்கியது. 'இங்கு' காசு என்னும் வாய்பாடு. காற்று, வேற்று என்பவை எதுகை; காற்றில், கதவொலி என்பவை மோனை. தனிமை என்ற சொல் எங்கும் இல்லை என்பதையும் கவனியுங்கள். இயல்பாக வரக்கூடிய 'வேறொருவர்' எதுகைக்காகச் சற்றே விறைப்பான 'வேற்றொருவர்' ஆகியிருக்கிறது. இத்தகைய இடங்களில் அடியையே மாற்றி அமைப்பதா, பொறுத்துக்கொள்வதா என்று முடிவு செய்வதில்தான் பயிற்சியின் பெரும்பகுதி கழியும். தளை, அதாவது சீர்கள் இணையும் மேற்சொன்ன முறை, பொருந்தும் சொல்லைத் தேடி நான்கைந்து சொற்களைச் சொல்லிப் பார்க்கையில், நினைத்தே பாராத ஒரு சொல் வந்து பொருளையே திருப்பிவிடுவதும் உண்டு.

பின்னர் புதுக்கவிதைக்குத் திரும்பினாலும் இப்பயிற்சி வீணாகாது, ஏனெனில் செவி பழகியிருக்கும். அங்கே வரியை முறிக்க விதி இல்லை. காரணம் இருக்க வேண்டும். மூச்சு நிற்குமிடத்திலோ, அடுத்த சொல்லுக்காகப் படிப்பவர் ஒரு கணம் காத்திருக்க வேண்டிய இடத்திலோ முறியுங்கள். சேர்த்து எழுதிப் பார்த்து எதுவும் குறையவில்லை என்றால், அந்த முறிப்புத் தேவையற்றது.

எழுதியதை உடனே திருத்தாமல் சில நாள் விட்டு எடுத்து, உரக்கப் படியுங்கள். முதலில் கடைசி வரியை மறைத்துப் பாருங்கள். பெரும்பாலும் அது முன்பு சொன்னதற்கு உரை எழுதிக்கொண்டிருக்கும், நீக்கிவிடலாம். அடுத்து 'போல' வரும் இடங்களில் அந்த உவமை தேவைதானா என்று சோதியுங்கள். வீட்டில் ஒருவரிடம் காட்டுவதானால், நன்றாக இருக்கிறதா என்று கேட்காமல், அவரையே வாய்விட்டுப் படிக்கச் சொல்லி, அவர் நா தடுமாறும் சொற்களின் கீழ்க் கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.