மழை பெய்தால் எங்கள் மலைக் கிராமத்தில் குழாய்த் தண்ணீர் கலங்கலாக வருகிறது. தொட்டியில் குளோரின் கூடுதலாகப் போட்டால் போதுமா?

போதாது. கலங்கலில் உள்ள மண் துகள்களுக்குள் கிருமிகள் ஒளிந்துகொள்ளும், குளோரினும் அந்த அழுக்கோடு வினைபுரிந்தே தீர்ந்துபோகும். மலைத் தண்ணீர் குளிர்ச்சியாக இருப்பதால் குளோரின் வேலை செய்ய நேரமும் அதிகம் எடுக்கும். கிரிப்டோஸ்போரிடியம் போன்ற ஒட்டுண்ணிகளை வழக்கமான அளவு குளோரின் கொல்லவே கொல்லாது.

அதனால் முதலில் வடிகட்டல்தான். சின்ன ஊருக்கு, மணல் படுக்கை வழியே தண்ணீரை மெதுவாக இறங்கவிடும் மெது மணல் வடிகட்டியைவிட நல்லது எதுவும் இல்லை என்பது என் உறுதியான கருத்து. மின்சாரம் வேண்டாம், மணலின் மேல் படரும் நுண்ணுயிர்ப் படலமே கிருமிகளைப் பிடித்து அழிக்கும். ஆனால் கடும் கலங்கல் வந்தால் அடைத்துவிடும், முன்னால் மண்ணை அடியில் தங்கவிடும் ஒரு படிவுத் தொட்டியோ சரளை வடிகட்டியோ அவசியம். அப்புறம் குளோரின்: கலந்து 30 நிமிடம் கழித்து லிட்டருக்கு 0.5 மில்லிகிராமாவது மிஞ்ச வேண்டும், கடைசி வீட்டுக் குழாயில் 0.2.

குழாய்களையும் பாருங்கள். 10 மீட்டர் இறக்கத்துக்குச் சுமார் 1 பார் அழுத்தம் கூடும். இடையில் அழுத்தம் குறைக்கும் தொட்டி இல்லையென்றால் இணைப்புகள் விரிசல் விடும். தண்ணீர் வரத்து நிற்கும் நேரத்தில் அந்த விரிசல் வழியே வெளி அழுக்கு உள்ளே போகும். இதெல்லாம் சரியாகும் வரை, மழை நாட்களில் குடிநீரைத் தெளியவைத்து, கொதிக்க வைத்தே குடியுங்கள், குழந்தைகளுக்குக் கட்டாயம்.