முதுமையில் வண்டி ஓட்டுதல்: முதியோர் நல மருத்துவர் பதில்கள்

கேள்வி: என் தந்தைக்கு 76 வயது. மதுரையில் தினமும் ஸ்கூட்டரில்தான் சந்தைக்குச் சென்று வருகிறார். ஓட்டுநர் உரிமம் இன்னும் மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும் என்பதால் கவலையின்றி இருக்கலாமா?

பதில்: இருக்க முடியாது. 55 வயதைக் கடந்தவர்களுக்கு உரிமம் 5 ஆண்டுகளுக்கு மட்டுமே புதுப்பிக்கப்படுகிறது. அதற்குப் படிவம் 1ஏ-வில் மருத்துவச் சான்றும் தேவை. ஆனால் அந்தச் சான்று கையெழுத்தான நாளின் நிலையையே காட்டும். எழுபதுகளில் மூன்று ஆண்டுகளில் உடல்நிலை வெகுவாக மாறிவிடலாம். ஒரு வாரம் அவர் பின்னால் அமர்ந்து சென்று பாருங்கள். சிக்னலில் கால் ஊன்றத் தடுமாறுகிறாரா, வலப்புறம் திரும்பும்போது எதிரே வரும் வண்டியின் வேகத்தைத் தவறாகக் கணிக்கிறாரா, வண்டியில் காரணம் சொல்ல முடியாத புதிய கீறல்கள் இருக்கின்றனவா என்று கவனியுங்கள்.

காரை நன்றாக ஓட்டுபவர்கூட ஸ்கூட்டருக்குத் தகுதியில்லாதவராக இருக்கலாம், ஏனெனில் இரு சக்கர வண்டிக்கு உடற்சமநிலை மிக முக்கியம். இரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை உண்பவர் என்றால், ஹெல்மெட் அணிந்திருந்தாலும், சாதாரணமாக விழுந்ததே மூளையில் இரத்தக்கசிவாக முடியக்கூடும். இதைக் குடும்பத்தினர் பெரும்பாலும் யோசிப்பதில்லை.

கேள்வி: அம்மாவுக்கு 68 வயது, இன்சுலின் போட்டுக்கொள்கிறார். கார் ஓட்டலாமா?

பதில்: ஓட்டலாம். ஆனால் புறப்படும் முன் சர்க்கரை அளவைப் பார்த்துக்கொள்ள வேண்டும், சாப்பிடாமல் வண்டியை எடுக்கக் கூடாது, கைக்கெட்டும் இடத்தில் குளுக்கோஸ் இருக்க வேண்டும். பாதங்களில் உணர்ச்சி குறைந்திருந்தால் பிரேக்கின் அழுத்தம் காலுக்குத் தெரியாது. அந்நிலையில் நிறுத்திவிடுவதே நல்லது.

கேள்வி: என் கணவர் சென்ற மாதம் முப்பது ஆண்டுகளாகப் பழகிய சாலையில் வழி தெரியாமல் நின்றுவிட்டார். வீட்டில் பேசும்போது தெளிவாகத்தான் இருக்கிறார்.

பதில்: அம்மா, பரிசோதனை முடியும்வரை இன்றே நிறுத்துங்கள். மறதி நோயின் தொடக்கத்தில் பேச்சு தெளிவாகவே இருக்கும். வழியறிதலும் நொடியில் முடிவெடுக்கும் திறனும் முன்னதாகவே குறையக்கூடும். தூக்க மாத்திரையோ அலர்ஜி மாத்திரையோ காரணமாக இருக்கலாம் என்பதால், அவர் உண்ணும் மருந்துகள் அனைத்தையும் மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். நோயால் ஒருவர் ஓட்டத் தகுதியற்றவர் என்று நம்ப நியாயமான காரணம் இருந்தால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 16ஆம் பிரிவின்படி உரிமம் வழங்கும் அதிகாரி மருத்துவச் சான்று கேட்கலாம், உரிமத்தை ரத்தும் செய்யலாம்.

கேள்வி: சொன்னால் அப்பா கோபப்படுகிறார். சாவியை ஒளித்து வைத்துவிடலாமா?

பதில்: மறதி நோய் உறுதியாகி, எதுவும் பலிக்காதபோது மட்டுமே. மற்றபடி அது அவரை அவமதிப்பதாகும். அவர் அஞ்சுவது, ஒவ்வொன்றுக்கும் பிள்ளைகளை எதிர்பார்க்க வேண்டிவருமே என்பதற்குத்தான். எனவே முதலில் மாற்று ஏற்பாட்டைச் செய்துவிட்டுப் பேசுங்கள்: தெரிந்த ஆட்டோக்காரரிடம் மாதக் கணக்கு வையுங்கள், சென்னையில் இருந்தால், 60 வயது நிறைந்தவர்களுக்கு மாநகரப் பேருந்துகளில் தரப்படும் இலவசப் பயண டோக்கன்களை வாங்கிக் கொடுங்கள். இரவு, மழை, நெடுஞ்சாலை என ஒவ்வொன்றாகக் குறைக்கச் சொல்லலாம். முழுவதும் நிறுத்த வேண்டும் என்பதை மட்டும் மருத்துவர் வாயால் சொல்ல வையுங்கள். மகன் சொன்னால் சண்டையாகும்.

கேள்வி: கண்புரை அறுவைக்குப் பின் மீண்டும் ஓட்டலாமா?

பதில்: கண் மருத்துவர் அனுமதித்த பின் ஓட்டலாம், பலருக்கு இரவுக் கூச்சம் நன்றாகக் குறைந்துவிடும். கண் அழுத்த நோயும் இருந்தால், அதனால் இழந்த பக்கப் பார்வை திரும்பாது என்பதால், பார்வைப் புலப் பரிசோதனையையும் கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.