பதினைந்து ஷில்லிங் சம்பளம்

அன்புள்ள ஐயா,

ஆங்கில நாடக நடிகை எல்லன் டெர்ரி பற்றிய உங்கள் குறிப்பைப் படித்தேன். 1878-இல் நடிகர் ஹென்றி இர்விங் நடத்திய லைசியம் அரங்கில், ‘ஹாம்லெட்’ நாடகத்தின் ஒஃபீலியாவாக வந்து லண்டனையே கட்டிப்போட்டார் என்று எழுதியிருந்தீர்கள். சிலருக்கு நடிப்பு பிறவியிலேயே வந்துவிடுகிறதே, இவரும் அப்படித்தானா? இர்விங் கண்ணில் படாமல் போயிருந்தால் இவர் வெளியே தெரிந்திருப்பாரா?

எஸ்., கும்பகோணம்

அன்புள்ள எஸ்.,

உங்களுக்கு இப்படித் தோன்றியதற்கு என் குறிப்புதான் காரணம். நான் 1878-இலிருந்து ஆரம்பித்திருக்கக் கூடாது. ஒஃபீலியாவாக வந்தபோது அவருக்கு வயது 31. மேடையேறி 22 வருஷம் ஆகியிருந்தது.

அப்பா அம்மா இருவருமே ஊர் ஊராகப் போய் நடித்தவர்கள். 1856 ஏப்ரலில், ஒன்பது வயதில், நடிகர் சார்லஸ் கீன் லண்டனில் நடத்திய பிரின்சஸ் அரங்கில் ஷேக்ஸ்பியர் நாடகமொன்றில் குட்டி இளவரசன் வேஷம். விக்டோரியா மகாராணி வந்திருந்த முதல் நாளே, கையில் கொடுத்த பொம்மை வண்டி தடுக்கி மல்லாந்து விழுந்தாள். இனி நமக்கு மேடையே இல்லை என்று அழுதாளாம். அதே வேஷத்தை ஒரு நாள்கூட விடாமல் 102 இரவு நடித்தாள்.

அதே வருஷம் ஷேக்ஸ்பியரின் இன்னொரு நாடகத்தில் பக் என்ற குறும்புக்காரக் குட்டித் தேவதை வேஷம். கடைசிப் பேச்சுக்கு மேடைப் பலகையில் உள்ள கதவு வழியாகக் கீழிருந்து மேலே வர வேண்டும். ஒரு நாள் கீழே இருந்தவர் சீக்கிரமே மூடிவிட, கால் விரல் இடுக்கில் மாட்டிக்கொண்டது. அலறுகிறாள். அக்கா கேட் ஓடிவந்து கதவைத் திறக்கச் சொல்லி மேடையில் காலால் தட்டினாள். கீழே இருந்தவரோ அதைத் தப்பாகப் புரிந்துகொண்டு இன்னும் இறுக்கிவிட்டார். ஒருவழியாகக் காலை எடுத்ததும் கீனின் மனைவி, நாடகத்தை முடித்துக்கொடு, சம்பளத்தை இரட்டிப்பாக்குகிறேன் என்றார். விரல் உடைந்த குழந்தை அந்தப் பேச்சைச் சொல்லி முடித்தது. வாரச் சம்பளம் 15 ஷில்லிங் 30 ஆனது. இதை வேடிக்கைக் கதையாகச் சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அந்தக் கால் விரல்தான் கண்ணில் நிற்கிறது.

நடிப்பு சொல்லிக்கொடுத்ததும் கீனின் மனைவியான அந்த அம்மாள்தான். உயிரெழுத்துகளைத் திருத்தமாகச் சொல்ல வேண்டும், கேலரியின் கடைசி வரிசைக்கும் காதில் விழ வேண்டும். 1858-இல் ஷேக்ஸ்பியரின் ‘கிங் ஜான்’ நாடகத்தில் இளவரசன் ஆர்தர் வேஷத்துக்கான ஒத்திகையில் உணர்ச்சி வரவில்லை என்று திட்டி அறைந்தே விட்டார். அவமானத்தில் உடைந்து அழுதுகொண்டே வசனத்தைச் சொன்னாள் எல்லன். அதேதான், இப்போது குரலை என்ன செய்தாயோ அதை ஞாபகம் வைத்துக்கொள் என்றாராம் ஆசிரியை. அந்த அறையை நான் ஒருநாளும் நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் தன் அழுகையைத் தானே கவனித்து, மறுநாள் அழாமலேயே அந்தக் குரலைக் கொண்டுவர ஒரு 11 வயதுச் சிறுமி கற்றாள். பிறவியிலேயே வந்தது என்று நீங்கள் சொல்வதில் பாதி இப்படி வந்தது.

கீன் தம்பதி 1859-இல் அரங்கை விட்டுப் போனார்கள். அப்புறம் அக்காவோடு சுற்றுப்பயணம், பிரிஸ்டல், பாத் என்று ஓடியது. 17 வயது முடிய ஒரு வாரம் இருக்கும்போது, 46 வயது ஓவியர் வாட்ஸுடன் கல்யாணம். ஒரு வருஷம்கூட நிலைக்கவில்லை. 1867-இல் இர்விங்கோடு ஒரே மேடையில் நடித்தார். அப்போது அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மறு வருஷம் கட்டடக்கலைஞர் காட்வினோடு ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் கிராமத்துக்குப் போய்விட்டார். ஆறு வருஷம் மேடையே இல்லை, இரண்டு குழந்தைகள், வீட்டில் கடன்.

1874-இல் ஒரு நாள் கிராமத்துச் சந்தில் அவருடைய வண்டிச் சக்கரம் கழன்று நின்றபோது, அந்த வழியாக வந்தவர் பழைய நண்பர், நாடக ஆசிரியர் சார்லஸ் ரீட். திரும்பி வா என்றார். வாரத்துக்கு 40 பவுண்டு கொடுத்தால் வருகிறேன் என்றார் எல்லன். ரீட் ஒப்புக்கொண்டார். அடுத்த வருஷம் ‘வெனிஸ் வணிகன்’ நாடகத்தின் நாயகி போர்ஷியாவாக நடித்ததை லண்டன் கொண்டாடியது. 1878-இல் இர்விங் தானே அவர் வீடு தேடிப் போய்ப் பேசித்தான் லைசியத்துக்கு அழைத்துக்கொண்டார்.