உபுண்டு லினக்ஸில் என்விடியா கிராஃபிக்ஸ் கார்டுக்கான டிரைவர் போட்டும் வேலை செய்யவில்லை. என்விடியா தளத்திலிருந்தே இறக்கிப் போடலாமா?

வேண்டாம். விண்டோஸிலிருந்து வருபவர்கள் பழக்கதோஷத்தில் முதலில் போவது அங்கேதான். அந்த ரன் கோப்பு ஓடும், டிரைவரும் ஏறும். ஆனால் மென்பொருள்களை ஏற்றி இறக்கிப் பராமரிக்கும் உபுண்டுவின் பொதி நிர்வாகிக்கு அப்படி ஒன்று ஏறியிருப்பதே தெரியாது. டிரைவரின் ஒரு பகுதி கெர்னல் மாட்யூல், அதாவது இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குள் ஏறும் துண்டு. அது எந்தக் கெர்னலுக்காகக் கட்டப்பட்டதோ அதில் மட்டும்தான் ஓடும். கெர்னல் மாறும்போதெல்லாம் மாட்யூலைத் தானாக மறுபடி கட்டித்தரும் டிகேஎம்எஸ் இல்லாமல் போட்டிருந்தால் அடுத்த கெர்னல் அப்டேட்டோடு கதை முடிந்தது.

'சாஃப்ட்வேர் அண்ட் அப்டேட்ஸ்' திறந்து 'அடிஷனல் டிரைவர்ஸ்' பகுதிக்குப் போங்கள். அங்கே 'ரெக்கமெண்டட்' என்று குறித்திருப்பதை எடுத்தால் போதும். 'சர்வர்' என்று முடிபவை உங்களுக்கானவை அல்ல. 'ஓபன்' என்று முடிபவை, 2022 மே மாதத்தில் என்விடியா மூலநிரலைத் திறந்துவிட்ட கெர்னல் மாட்யூலோடு வருபவை. ட்யூரிங் தலைமுறையிலிருந்து, அதாவது ஜிடிஎக்ஸ் 16, ஆர்டிஎக்ஸ் 20 தொடங்கி, அவை ஓடும். ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக்கு ஓபன் மட்டும்தான். ஜிடிஎக்ஸ் 10 போன்ற பழைய கார்டு என்றால் ஓபன் பக்கமே போகாதீர்கள். அவற்றுக்கு 580 தான் கடைசி டிரைவர் வரிசை.

சரி, போட்டும் ஓடவில்லை என்கிறீர்கள். டெர்மினலில், கார்டின் நிலையைக் காட்டும் 'என்விடியா-எஸ்எம்ஐ' கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள். டிரைவருடன் தொடர்புகொள்ள முடியவில்லை என்று வந்தால் என் முதல் சந்தேகம் செக்யூர் பூட் மேல்தான், அதாவது நம்பகமான கையொப்பம் உள்ளதை மட்டும் கணினி தொடங்கும்போது அனுமதிக்கும் பாதுகாப்பு. அது இயங்கும்போது, கையொப்பம் இல்லாத மாட்யூலைக் கெர்னல் ஏற்றாது. உங்கள் கணினியிலேயே கட்டப்படும் மாட்யூலுக்கு ஒரு சாவி உருவாக்கி உபுண்டு கையொப்பமிட்டுவிடும். அந்தச் சாவியை நம்பலாம் என்று, கணினி தொடங்கும்போது நீங்கள் ஒருமுறை உறுதிசெய்ய வேண்டும். அதற்காகத்தான் நிறுவும்போது ஒரு கடவுச்சொல் கேட்கிறது.

ரீபூட் செய்ததும் நீல நிறத்தில் ஒரு திரை வரும். பத்து நொடிக்குள் ஏதாவது ஒரு விசையை அழுத்த வேண்டும். பலர் அதை ஏதோ பிழைத்திரை என்று நினைத்து விட்டுவிடுவார்கள், அது தானாகவே போய்விடும், திரும்பியும் வராது. அதில் சாவியைப் பதிவுசெய்யும் 'என்ரோல் மாக்', பிறகு 'கன்டினியூ', 'யெஸ்', அப்புறம் அந்தக் கடவுச்சொல், கடைசியாக ரீபூட். அங்கே விசைப்பலகை அமெரிக்க அமைப்பில்தான் இருக்கும் என்பதால் கடவுச்சொல்லில் குறியீடுகள் வேண்டாம். திரையைத் தவறவிட்டிருந்தால், 'அப்டேட்-செக்யூர்பூட்-பாலிசி' கட்டளையை 'என்ரோல்-கீ' விருப்பத்தோடு சூடோ போட்டு ஓட்டுங்கள், மறுபடி வரும்.

செக்யூர் பூட்டை அணைத்துவிடு என்பதுதான் எங்கு கேட்டாலும் கிடைக்கும் அறிவுரை. வேலை நடக்கும், மறுக்கவில்லை. ஆனால் அதே லேப்டாப்பில் பிட்லாக்கர் என்ற வட்டுக் குறியாக்கம் போட்ட விண்டோஸும் இருந்தால், அது அடுத்த முறை மீட்புச் சாவி கேட்டு நிற்கலாம். ஐந்து நிமிடச் சோம்பேறித்தனத்துக்கு அது தேவையா?

திரையே கறுப்பாகி நின்றால் பதற வேண்டாம். கணினி தொடங்கும்போது எந்த இயங்குதளம் என்று கேட்கும் க்ரப் மெனுவில் உபுண்டு வரியின் மேல் நின்று 'இ' அழுத்துங்கள். 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியின் இறுதியில் ஓர் இடைவெளி விட்டு 'நோமோட்செட்' சேர்த்து எஃப்10 கொடுங்கள். இது அந்த ஒருமுறை தொடங்குவதற்கு மட்டும்தான். உள்ளே போனதும் என்விடியா பொதிகளை முழுதாக நீக்கிவிட்டு மேலே சொன்னபடி போடுங்கள்.

இன்னொன்று. லேப்டாப்பில் இன்டெல் கிராஃபிக்ஸும் சேர்ந்தே இருந்தால், செட்டிங்ஸில் இன்டெல் பெயர் தெரிவதை வைத்து டிரைவர் ஏறவில்லை என்று முடிவுகட்டாதீர்கள். மின்சாரத்தை மிச்சப்படுத்த டெஸ்க்டாப்பை இன்டெல் வரைந்துகொண்டிருக்கும். கேம் ஐகான் மேல் வலது க்ளிக் செய்து, தனி கிராஃபிக்ஸ் கார்டில் இயக்கச் சொல்லும் வரியைத் தேர்ந்தெடுங்கள். கேம் ஓடும்போது 'என்விடியா-எஸ்எம்ஐ' கொடுத்தால் பட்டியலில் அதன் பெயர் இருக்கும்.