2008 மும்பைத் தாக்குதலில் உயிருடன் பிடிபட்ட கசாப் பாகிஸ்தானியரே இல்லை என்று சாதிக்கும் சக ஊழியருக்கு என்ன பதில்?

இந்தியக் குற்றப்பத்திரிகையை நீட்டாதீர்கள், அதை அவர் பொருட்படுத்த மாட்டார். பாகிஸ்தான் அரசே சொன்னதைக் காட்டுங்கள். கசாப் தங்கள் நாட்டவர்தான் என்று 2009 ஜனவரி 7 அன்று இஸ்லாமாபாத் ஒப்புக்கொண்டது. தாக்குதல் சதியின் ஒரு பகுதி பாகிஸ்தானில் நடந்ததாகப் பிப்ரவரி 12 அன்று ரஹ்மான் மாலிக் செய்தியாளர்களிடம் சொன்னார். உள்துறையை அப்போது கவனித்தவர் அவர். தாக்குதல்காரர்கள் படகு இன்ஜின் வாங்கிய கராச்சிக் கடை வரை விவரம் கொடுத்தார்.

அவருடைய குழப்பத்துக்கு ஒரு காரணம் இருக்கலாம். கசாப் பாகிஸ்தானியர் என்று சொன்ன பாகிஸ்தானின் தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் துர்ரானியை அதே ஜனவரி 7 அன்றே பிரதமர் கிலானி நீக்கினார். தன்னைக் கேட்காமல் பேசினார் என்பதுதான் புகார்; தகவல் பொய் என்பதல்ல. பலருக்கு நீக்கம் மட்டும்தான் நினைவில் நிற்கிறது!

2009 பிப்ரவரி 13 தேதியிட்ட பாகிஸ்தான் நாளிதழ்களை அவரையே தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். நீங்கள் அனுப்பும் இணைப்பைவிட அது எடுபடும்.

ஒன்று, பதிலுக்கு அவர் இந்தியாவில் குண்டுவெடிப்புக்கு உள்ளான, பாகிஸ்தானுக்குச் செல்லும் சம்ஜவுதா ரயிலை இழுப்பார். 2007-இல் 68 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் பாகிஸ்தானியர்கள். 2019-இல் குற்றம் சாட்டப்பட்ட இந்தியர்கள் நால்வரும் விடுதலை. அந்தக் கோபம் நியாயமானது, மழுப்பாதீர்கள். உளவாளி என்று பாகிஸ்தான் மரண தண்டனை விதித்த இந்தியர் குல்பூஷண் ஜாதவை அவர் இழுத்தால், சர்வதேச நீதிமன்றம் 2019-இல் தூதரகத் தொடர்பு மறுக்கப்பட்டதைத்தான் விசாரித்தது. அவர் உளவாளியா என்பதை அல்ல.