டீம்ல வாய் திறக்கத் தயக்கமா?

கேள்வி: நான் நர்சிங் மூணாம் வருஷம். மெடிக்கல், பார்மசி ஸ்டூடண்ட்ஸோட ஹெல்த் கேம்ப் போகப்போறேன், அவங்க முன்னாடி பேசவே தயக்கமா இருக்கு, என்ன பண்ண?

பதில்: முதல்ல எல்லாரும் பேரையும் அவங்கவங்க வேலையையும் சொல்லிக்கோங்கம்மா. உலக சுகாதார நிறுவனத்தோட 19 பாயின்ட் ஆபரேஷன் செக்லிஸ்ட்லயே கத்தி வைக்கிறதுக்கு முன்னாடி இதைப் பண்ணணும்னு இருக்கு, டெல்லி, மணிலா, தான்சானியாவுல இஃபகாரானு 8 ஊர் ஆஸ்பத்திரிகள்ல அந்த லிஸ்ட்டை வச்சுப் பார்த்தப்போ ஆபரேஷனுக்கப்புறம் வர்ற சிக்கல் 11 சதவீதத்துல இருந்து 7 ஆச்சு. பேரு தெரிஞ்சவங்ககிட்ட சந்தேகம் கேக்கிறது நிஜமாவே ஈஸி. அப்புறம் யாராவது டோஸ் சொன்னா "250 மில்லிகிராம்தானே?"ன்னு திருப்பிச் சொல்லி அவங்க ஆமான்னு சொன்னப்புறம் கொடுங்க, தப்புன்னு பட்டா அங்கேயே நிறுத்திக் கேளுங்க, அவங்க சீனியரா இருந்தாலும் சரி.