கருத்து கேட்டாங்க சரி, பதில் எங்க?

கேள்வி: சார், ஒரு திட்டத்துக்கு மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தச் சொல்லி ஆர்டர் வந்திருக்கு. நாற்காலி போடுறதுல இருந்து வருகைப் பதிவுல கையெழுத்து வாங்குற வரைக்கும் நான்தான். ஆனா மேல எல்லாம் முடிவாகி பிளான் வரைக்கும் ரெடி. நம்பி வந்து பேசுற ஜனங்க முகத்தைப் பாக்கவே கூச்சமா இருக்கு. இதுக்குக் கூட்டமே போடாம இருக்கலாம்ல?
- பேர் வேண்டாம், இளநிலை உதவியாளர்

பதில்: அந்தக் கூச்சத்தை விட்றாதீங்க தம்பி, அது இல்லாதவங்கதான் நிறைய. ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன்னு ஒரு அமெரிக்க அம்மா 1969-லயே மக்கள் பங்கேற்பை எட்டுப் படி உள்ள ஏணியா பிரிச்சு எழுதிட்டாங்க, அடியில ஜனங்களை ஏய்க்கிறது, உச்சியில ஜனங்களே முடிவெடுக்குறது, நடுவுல வர்ற கருத்துக் கேட்பை அவங்க ஒப்புக்குச் செய்யுற கணக்குலதான் சேத்தாங்க. பிரேசில்ல போர்ட்டோ அலெக்ரே நகரத்துல 1989-ல ஆரம்பிச்சது வேற மாதிரி, நகராட்சி பட்ஜெட்டுக்காகப் பகுதி பகுதியா கூட்டம் போட்டு சாக்கடை முதல்லயா ரோடு முதல்லயான்னு மக்களையே வரிசைப்படுத்த வெச்சாங்க, பேசுனா பணம் போற இடம் மாறும்னு தெரிஞ்சதால வேலையை விட்டுட்டு வந்து உக்காந்தாங்க.

அதெல்லாம் உங்க கையில இல்லைங்குறீங்க, சரி. ஆனா ரெண்டு விஷயம் உங்க கையில இருக்கு. கூட்டம் ஆரம்பிக்கும்போதே எது முடிவாகிடுச்சு, எது இன்னும் மாறலாம்னு அதிகாரியை சொல்ல வைங்க, இடம் முடிவாகிருக்கலாம், ஆனா வாசல் எந்தப் பக்கம், வேலை எத்தனை மணிக்கு நிறுத்தணும், இதெல்லாம் இன்னும் பேசலாம்ல. ரெண்டாவது மினிட்ஸ், அதாவது கூட்டத்துல யார் என்ன பேசுனாங்கங்குற பதிவு. அதை எழுதுறது நீங்கதானே? "பொதுமக்கள் தங்கள் கருத்துகளைத் தெரிவித்தனர், குறித்துக்கொள்ளப்பட்டது"ன்னு ஒரே வரியில முடிச்சுட்டா, பஸ் ஸ்டாப்பைத் தள்ளி வெச்சா கால் முடியாதவங்க எப்படி நடப்பாங்கன்னு கேட்டவரோட கேள்வி அந்த வரிக்குள்ளயே செத்துப் போயிரும். தனித்தனியா எழுதுங்க, பக்கத்துல ஒரு கட்டம் விடுங்க, ஏத்துக்கிட்டோமா, இல்லைன்னா ஏன் இல்லைன்னு. அந்தக் கட்டம் காலியா இருந்தா மேல இருக்குறவருக்கே உறுத்தும். "முடியாது"ன்னு காரணத்தோட சொன்னா ஜனங்க சண்டை போட்டுட்டாவது அடுத்த கூட்டத்துக்கு வருவாங்க, பதிலே வரலைன்னா வரவே மாட்டாங்க, அப்புறம் "மக்களுக்கு ஆர்வமே இல்லை"ன்னு நாமளே ரிப்போர்ட் எழுதுவோம்.

கேள்வி: தகவல் கேட்டு மனு போடுறவங்க தொல்லை தாங்கல. பயந்துக்கிட்டு எங்க ஆபீஸ்ல ஃபைல்ல யாரும் எதுவும் எழுதுறதே இல்லை, எல்லாம் போன்லதான். வெளிப்படைத்தன்மையால நிர்வாகம் கெடுதுன்னு சொன்னா தப்பா?
- பிரிவு கண்காணிப்பாளர்

பதில்: நீங்க மட்டும் இல்ல, பிரிட்டன்ல 2000-ல தகவல் சுதந்திரச் சட்டத்தைக் கொண்டுவந்த அப்போதைய பிரதமர் டோனி பிளேரே பின்னாடி தன்னோட நினைவுக் குறிப்புல அதுக்காக வருத்தப்பட்டு எழுதுனாரு. அதிகாரிங்க மனசு விட்டுப் பேச ஒரு இடம் வேணும்ங்குறது வாதம், அதுக்காகத்தான் பல நாட்டுச் சட்டத்துல உள் ஆலோசனைக்கு விலக்கும் இருக்கு. ஆனா போன்ல வந்த உத்தரவு பிரச்சனையாச்சுன்னா மாட்டுறது யாரு, சொன்னவரா? "தங்கள் வாய்மொழி உத்தரவின்படி"ன்னு தேதி போட்டு ஒரு வரி எழுதி வைக்கிறவருக்கு அந்த ஃபைல்தான் காப்பு. மனு தொல்லைன்னா, ஒரே கேள்வி மூணாவது தடவை வரும்போது அந்த டாக்குமெண்டை நீங்களே இணையத்துல போட்டுருங்க. யாரு, எதுக்குக் கேக்குறாங்கன்னு துருவ வேண்டாம். 1766-லயே இந்த உரிமைக்குச் சட்டம் போட்ட ஸ்வீடன்ல, இன்னைக்கும் ஆவணம் கேட்டு வர்றவர்கிட்ட பேரும் காரணமும் பொதுவா கேக்கக் கூடாது.

கேள்வி: அரசு வேலையில இருந்துக்கிட்டு ஃபேஸ்புக்ல நிர்வாகத்தை விமர்சிக்கலாமா அண்ணே?
- கை துறுதுறுக்கும் வாசகி

பதில்: முதல்ல உங்க நடத்தை விதியை ஒரு தடவை படிங்கம்மா, நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவுல மார்வின் பிக்கரிங்னு ஒரு ஸ்கூல் டீச்சர், கல்வி வாரியம் பணத்தை செலவு பண்ற விதத்தைக் குறை சொல்லி பத்திரிகைக்கு லெட்டர் எழுதுனாரு, வேலை போச்சு, 1968-ல உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்னுச்சு. அதே கோர்ட் 2006-ல, ஆபீஸ் வேலையோட பாகமா எழுதுன மெமோவுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாதுன்னு சொல்லிருச்சு, அதாவது குடிமகனா வெளிய பேசுனா ஒரு நியாயம், சீட்ல உக்காந்து உள்ளுக்குள்ள எச்சரிச்சா வேற நியாயம், எனக்கு இது தலைகீழாத்தான் தெரியுது. எங்க எழுதுனாலும் ஆபீஸ் ஃபைல் போட்டோ, மனுதாரர் பேரு, இது ரெண்டும் போஸ்ட்ல வரவே கூடாது.

கேள்வி: அரசாங்கம் என் விவரத்தை எல்லாம் பாக்குது. யாரு பாத்தாங்கன்னு நான் பாக்க முடியுமா?
- சந்தேகப் பேர்வழி

பதில்: எஸ்டோனியாவுல முடியும். அரசு போர்ட்டல்ல லாகின் பண்ணா எந்தத் துறை என்னைக்கு உங்க பதிவைத் தொறந்துச்சுன்னு தெரியும், எல்லாத் துறையும் இன்னும் அதுல இல்லை. சும்மா தெரிஞ்சவங்க விவரத்தை நோண்டுற ஊழியருக்கு இதைவிட நல்ல பூட்டு எனக்குத் தெரியல.